தொரை சாப்பிடல

திருக்கழுக்குன்றம்
2.5.2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஜாய்ஸ் எழுதுவது. கர்த்தர் கிருபையில் நான் நல்லா இருக்கேன். நீயும் அங்கே நல்லா இருக்கணும்னு தினமும் ஜெபம் பண்றேன். குடியை நிறுத்த வந்தவங்களுக்கு முதல் நாப்பது நாள் போன் கிடையாது, கடிதம் மட்டும்தான்னு உங்க ஹோம்ல சொல்லிட்டாங்க. கல்யாணமாகி ஒன்பது வருஷத்துல நான் உனக்கு எழுதுற முதல் கடிதம் இதுதான். ஹோம் வேன் ஓட்டுற பன்னீர்செல்வம் அண்ணன் நம்ம அடுத்த தெருவாம். "குடும்மா, கடப்பாக்கத்துக்கு நான்தான் தெனம் போறேன், தபாலுக்கு எதுக்குக் காத்துகினு இருக்கிற?"ன்னு வாங்கிக்கிட்டார்.

கை நடுக்கம் குறைஞ்சுதா? ஏணியிலேர்ந்து விழுந்த முட்டி எப்படி இருக்கு? பதினோரு மாசம் தொடாம இருந்தவன் ஒரு நாள் சறுக்கிட்டான், அவ்வளவுதான்னு எல்லார்கிட்டேயும் சொல்லிக்கிட்டிருக்கேன். நீயும் அதையே நினைச்சுக்கோ.

ஒரு கவலையான விஷயம். தொரை அஞ்சு நாளா சாப்பிடல. நீ சொன்ன மாதிரி சனிக்கிழமை தொட்டித் தண்ணி முழுசையும் மாத்தினேன். அலமாரியில இருந்த நீல பாட்டில் மருந்தையும் ஒரு மூடி ஊத்தினேன். மறுநாள்லேர்ந்து புழுவைப் போட்டா மூஞ்சியைத் திருப்பிக்குது. தண்ணிக்குள்ளேயே இருக்க மாட்டேங்குது, கல்லு மேல ஏறி ஏறி உட்காருது. காய்ஞ்சு போயிடுமோன்னு நான் திரும்பத் திரும்ப எடுத்துத் தண்ணியில விடுறேன். தண்ணி கெட்டுப்போச்சோ என்னவோ. கொரோனாவுல போன மோப்பம்தான் எனக்கு இன்னும் வரலியே, நாறினாலும் தெரியாது. அதனால இப்போ ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்துறேன்.

பக்கத்து வீட்டுப் பார்வதம் அக்கா எட்டிப் பார்த்துட்டு, "இன்னா ஜாய்ஸு, புருசனை அனுப்பிட்டுப் பல்லிய வளக்குற?"ங்குது. பல்லி இல்லக்கா, நியூட்டு, தண்ணியில இருக்கிற ஜந்துன்னு சொன்னா சிரிக்குது. சிரிக்கட்டும். நீ குடியை விட்ட வாரம் வாங்கிட்டு வந்தது அது. நீ வர்ற வரைக்கும் அதுக்கு ஒண்ணும் ஆக விடமாட்டேன். என்ன செய்யணும்னு உடனே எழுது.

உன் அன்பு மனைவி,
ஜாய்ஸ்


கடப்பாக்கம்
5.5.2025

அன்புள்ள ஜாய்ஸுக்கு,

ஸ்தோத்திரம். நான் நல்லாகீறேன். நடுக்கம் கொஞ்சம் கீது. டம்ளரை ரெண்டு கையாலயும் புடிச்சிக் குடிக்கிறேன். முட்டி பரவால்ல. காலையில நாஸ்தாவுக்குக் கஞ்சி, அப்புறம் கடற்கரை வரைக்கும் நடை. கருப்பன்னு பக்கத்துக் கட்டிலு, அச்சரப்பாக்கத்துக்காரன், நல்ல மனுசன்.

தொரைக்குச் சூடு ஆவாது. ஏசி மெக்கானிக் வூட்ல இருந்துகினு வெயில்ல வேவுதுன்னா எனக்குத்தான் அசிங்கம். பழைய ஜூஸ் பாட்டில்ல தண்ணி ஊத்தி ஃப்ரீசர்ல வச்சி, அந்த ஐஸ் பாட்டிலைத் தொட்டிக்குள்ள மெதக்க விடு. மதியத்துக்கு ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ஃபேன் காத்து தண்ணி மேல படட்டும். கல்லு மேல ஏறினா ஏறட்டும், தண்ணிக்குள்ள தள்ளாத. தொட்டா கையைச் சோப்புப் போட்டுக் கழுவு, அதும் தோல்ல வெசம் கீது.

அந்த நீல பாட்டில் மருந்து பழசு. தூக்கிப் போட்டுடு. வேற வாங்கிக்கோ.

நீ சரியா தூங்கு. என்னை நெனச்சி பேஜாராவாத.

அன்புடன்,
ஸ்டான்லி


திருக்கழுக்குன்றம்
8.5.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உன் கடிதம் கிடைச்சது. ரெண்டு கையால டம்ளர் பிடிக்கிறேன்னு படிச்சதும் கண்ணு கலங்கிடுச்சு. ஆனா பிடிக்கிற இல்ல? அது போதும்.

தொரை மோசமாகிட்டே போகுது. ஐஸ் பாட்டில் நாலு வச்சிருக்கேன், மாத்தி மாத்திப் போடுறேன். எங்க ஸ்கூல் பிரபாவதி மிஸ்ஸோட தெர்மாமீட்டர்ல பார்த்தா இருபது டிகிரிதான் காட்டுது. சூடு காரணம் இல்ல மாமா. முதுகுத் தோலு வெள்ளை வெள்ளையா உரியுது. வயித்துல செக்கச்செவேல்னு இருக்குமே, அது வெளுத்துப்போச்சு. இன்னிக்கு எடுத்து உள்ளங்கையில வச்சேன், காலைக்கூட அசைக்கல.

ஸ்கூல் லீவுன்னாலும் அணுபுரம் போய் மிஸ்ஸைப் பார்த்தேன். பயாலஜி படிச்சவங்களாச்சே. "ஜாய்ஸ், இதுக்கு வாயே வேண்டாம், தண்ணியில என்ன இருக்கோ அது தோல் வழியாவே உள்ளே போயிடும். நீங்க தண்ணியில என்ன கலக்குறீங்கன்னு முதல்ல பாருங்க"ன்னாங்க. என்ன கலக்குறேன்? குழாய்த் தண்ணியில இருக்கிற குளோரினை எடுக்கிற மருந்துன்னு நீ சொன்ன அந்த நீல பாட்டில்தான். செங்கல்பட்டுல ரெண்டு மீன் கடையிலேயும் கேட்டேன், புதுசு அடுத்த வாரம்தான் வருமாம். பழசுன்னாலும் மருந்து மருந்துதானே, வீரியம் குறைஞ்சிருக்கும்னு நேத்திலேர்ந்து ரெண்டு மூடியா ஊத்துறேன்.

மாமா, நான்தான் ஏதோ தப்புப் பண்றேன். நீ இருந்த வரைக்கும் அது நல்லா இருந்தது. என் கையில வந்ததும் இப்படி ஆகுது. ஒரு வருஷமா நீ பார்த்துப் பார்த்து வளர்த்ததை நான் கொன்னுடுவேனோன்னு பயமா இருக்கு. உன் முகத்துல எப்படி முழிப்பேன்?

ஜாய்ஸ்


கடப்பாக்கம்
9.5.2025
காலை

ஜாய்ஸு,

இதைப் படிச்சதும் மொதல்ல ஒண்ணு பண்ணு. என் டூல்ஸ் பையில வெள்ளை டப்பா ஒண்ணு கீது. அதுதான் நெஜ மருந்து. மேல பேரு எழுதல. தொட்டித் தண்ணி எல்லாத்தையும் கொட்டு. புதுத் தண்ணி பிடிச்சி அதுல பத்தே சொட்டு விட்டு, தொரையை அதுல போடு. அப்புறமா வந்து மீதியைப் படி.

நீல பாட்டில்ல கீறது மருந்து இல்ல. ஓட்கா.

நீ ஊத்த ஊத்த, குளோரின் அப்படியே இருந்துகினு, மேல சரக்கும் சேந்துச்சி. நீ தப்புப் பண்ணல. நீ எவ்வளவு நல்லா பாத்துக்கினியோ அவ்வளவு அதுக்குக் கெடுதல் ஆச்சி. அதுக்கு நான்தான் காரணம்.

மொத கடுதாசி வந்தப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சிகினே பழசு, தூக்கிப் போடுன்னு எழுதினேன். நீ போட்டுட்டா தொரையும் பொழைச்சிக்கும், நானும் மாட்ட மாட்டேன்னு நெனச்சேன். நேத்து சாயங்காலம் உன் கடுதாசியைக் கருப்பன்கிட்ட படிச்சிக் காட்டினேன். கேட்டுட்டு அவன் ஒரே வார்த்தைதான் சொன்னான்: "அந்தப் பொண்ணு தன்னைக் கொலைகாரின்னு நெனச்சிகினு கீது, நீ கம்முனு கீற."

பதினோரு மாசம்னு ஊரெல்லாம் சொல்லிகினு இருக்கியே, அதுவும் பொய். பத்தொம்பது நாள்தான் இருந்தேன். அதுக்கப்புறம் தெனமும். தொரையை வாங்கினது நெஜமாலுமே விடணும்னுதான். விட முடியாதப்போ, தொட்டிகிட்ட போறதுக்கு அதுவே சாக்காப் போச்சி. உனக்கு மோப்பம் இல்லன்றதுதான் எனக்குப் பெரிய தைரியம். சர்ச்சுல நீ சாட்சி சொன்னியே, என் புருசன் குடியை விட்டுட்டார்னு, அன்னிக்குக்கூட உன் பக்கத்துல குடிச்சிட்டுத்தான் நின்னேன்.

இதை எழுதிட்டுப் பன்னீர்செல்வம் அண்ணாத்த வண்டிய மறிச்சிக் குடுக்கப் போறேன். நீ என்னைத் திட்டறதுன்னா திட்டு. தண்ணிய மட்டும் மொதல்ல மாத்து.

ஸ்டான்லி


திருக்கழுக்குன்றம்
10.5.2025

ஸ்டான்லிக்கு,

தண்ணி மாத்திட்டேன். வெள்ளை டப்பா கிடைச்சது. தொரைக்கு உயிர் இருக்கு.

நீல பாட்டிலைப் பார்வதம் அக்காகிட்ட மோந்து பார்க்கச் சொன்னேன். அக்கா மோந்துட்டு, மூடியை மூடி என் கையில குடுத்துட்டுப் போயிடுச்சு. அது சிரிக்காம போனதைத்தான் என்னால தாங்க முடியல.

எனக்கு எழுத வேற ஒண்ணும் இல்ல. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். வீட்டுல இன்னும் எங்கெங்கே ஒளிச்சு வச்சிருக்கே? ஒரு இடம் விடாம எழுது.

ஜாய்ஸ்


கடப்பாக்கம்
12.5.2025

ஜாய்ஸுக்கு,

மாமான்னு எழுதாம பேரை எழுதியிருக்க. சரிதான்.

ரெண்டு நாளா ஒக்காந்து யோசிச்சி எழுதுறேன். பின்னாடி கழட்டி வச்சிகீற பழைய ஸ்பிளிட் ஏசி மூடிக்குள்ள ஒரு குவாட்டர். கக்கூஸ் ஃப்ளஷ் டேங்குல ஒண்ணு, கவர்ல சுத்தி. பரண்ல கிறிஸ்மஸ் ஸ்டார் வச்ச அட்டைப் பெட்டிக்கு அடியில ரெண்டு, ஒண்ணு காலி. பைக் சீட்டுக்கு அடியில இருந்துச்சி, ஏணியில இருந்து விழுந்த அன்னிக்குத் தீத்துட்டேன், பாட்டில் அங்கியே இருக்கும். தொட்டி ஸ்டாண்டு பின்பக்கம் மீன் வலை மாட்டுற ஆணியில ஒரு துணிப்பை தொங்கும், அதுல ஒண்ணு.

ஆறாவதை எழுத எனக்குக் கை வரல. அதான் ரெண்டு நாள் ஆயிடுச்சி. உன் தையல் மெஷினுக்குக் கீழ, மோட்டாருக்குப் பின்னாடி. நீ பக்கத்து வூட்டுப் புள்ளைங்களுக்கு யூனிஃபார்ம் தெச்சிகினு இருக்கும்போது உன் காலுகிட்டயே இருந்துச்சி. நீ தண்ணி குடிக்க எழுந்து போவியே, அந்த நேரத்துல.

அவ்வளவுதான். வேற இல்ல. நீ நம்பணும்னு கேக்க எனக்கு யோக்கியதை இல்ல.

நடுக்கம் நின்னுடுச்சி. இங்க குழாய் எல்லாம் நான்தான் பழுது பாக்குறேன். தொரை செத்துட்டாலும் மறைக்காம எழுது.

ஸ்டான்லி


திருக்கழுக்குன்றம்
21.5.2025

ஸ்டான்லிக்கு,

ஜாய்ஸ் எழுதுவது. ஒன்பது நாள் பதில் போடல. வேணும்னுதான் போடல. இப்போ எல்லாத்தையும் ஒழுங்கா சொல்றேன்.

தொரை பிழைச்சுடுச்சு. சுலபமா பிழைக்கல. மிஸ் சொன்னபடி சின்ன டப்பாவுல ஈரமான துணி விரிச்சு அதுல மூணு நாள் வச்சேன், தண்ணி விரலளவுதான். உரிஞ்ச தோலைப் பஞ்சால எடுத்தேன். மண்புழுவைச் சின்னதா வெட்டி, இடுக்கியில பிடிச்சு, காலையில ஆறு மணிக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கும் மூக்குக்கு நேரா ஆட்டுவேன். திருப்பிக்கும். மறுபடி ஆட்டுவேன். சுண்டுவிரல் மாதிரி ஆகிடுச்சு, இடுப்பெலும்பு தெரிஞ்சது. பார்வதம் அக்கா, "விட்டுடுடி, அதும் தலையெழுத்து"ன்னு சொல்லுச்சு. விடலக்கா, நான் விட்டுத்தான் என் வீடு இந்த நிலைமைக்கு வந்துச்சுன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் அக்காவே அதோட தோட்டத்துல தோண்டி மண்புழு கொண்டுவந்து குடுக்குது. ஞாயித்துக்கிழமை ஒரு துண்டைக் கவ்விச்சு, துப்பிடுச்சு. திங்கக்கிழமையும் துப்பிடுச்சு. நேத்து சாயங்காலம் கவ்வி, தலையை ரெண்டு தடவை உதறி, முழுங்கிடுச்சு. தரையில உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். இன்னிக்குக் காலையில ரெண்டு துண்டு.

அடுத்தது உன் கடிதம். நீ எழுதின ஆறு இடத்தையும் பார்த்தேன். மெஷினைத்தான் முதல்ல கவுத்துப் பார்த்தேன். ஆறும் நீ எழுதின மாதிரியே இருந்தது, காலி பாட்டில்கூட. எல்லாத்தையும் சாக்கடையில ஊத்தினேன்.

அப்புறம் ஏழாவதைத் தேடினேன். உன்னை நம்பல. அண்டா, அரிசி டிரம், தலையணை உறை, கூரை ஓட்டு இடுக்கு, உன் கல்யாணக் கோட்டுப் பாக்கெட், பைப்புக்குப் பின்னாடி, ஒண்ணு விடல. அஞ்சு நாள் தேடினேன். கிடைச்சிருந்தா உன் துணிமணியைக் கட்டிப் பன்னீர்செல்வம் அண்ணன்கிட்டக் குடுத்துவிடறதுன்னு முடிவு பண்ணி, பையையும் எடுத்து வச்சிருந்தேன்.

கிடைக்கல.

பையை மறுபடி பரண்ல போட்டுட்டேன். அதனால எல்லாம் சரியாப்போச்சுன்னு நினைக்காதே. இந்த ஒன்பது வருஷத்துல நீ என்கிட்ட சொன்னதுல நான் சரிபார்த்து உண்மைன்னு தெரிஞ்சுக்கிட்டது இந்த ஒரு பக்கம்தான். அதை வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு எனக்கு இன்னும் தெரியல. சர்ச்சுல போன ஞாயிறு எழுந்து நின்னு, போன வருஷம் நான் சொன்ன சாட்சி பொய்னு சொல்லிட்டேன். உன்னைக் கேக்காமத்தான் சொன்னேன்.

ஜூன் ஒண்ணாம் தேதியோட உனக்கு நாப்பது நாள் முடியுது. நீ வீட்டுக்கு வரவேண்டாம். இன்னும் நாப்பது நாள் அங்கேயே இரு. உங்க ஹோம்ல பேசி என் கையெழுத்தைப் போட்டாச்சு, உன் கையெழுத்துதான் பாக்கி. நீ போட்டா, ஞாயிறுதோறும் ஆராதனை முடிஞ்சதும் பஸ் பிடிச்சு நான் வருவேன். போடலன்னா வரமாட்டேன்.

கையெழுத்து விஷயமா நேர்ல பேச ஹோம்ல அனுமதி குடுத்திருக்காங்க, இந்த ஞாயிறு எப்படியும் வரேன். பதில் எழுதாதே. எழுதினா யோசிச்சு எழுதுவே. எனக்கு எதிர்ல உட்கார்ந்து சொல்லு.

ஜாய்ஸ்