எட்டாம் எண் படம்

க்ரோனிங்கன்,
மார்ச் 9

அன்புள்ள ரென்ஸ்கேவுக்கு,

ஃபெம்மி எழுதுவது. நானும் வீபேயும் நலம். நீயும் குழந்தை மாரித்தும் நலமாக இருப்பதை உன் கடிதத்தில் படித்து நிம்மதியடைந்தேன். பெர்கனில் இன்னும் பனி உருகவில்லை என்று எழுதியிருந்தாய். இங்கே பத்து நாளாக விடாத மழை. வீபேக்கு முதுகுவலி திரும்பிவிட்டது. வைத்தியரிடம் போகச் சொன்னால் சண்டைக்கு வருகிறார்.

ஈஸ்டருக்கு வரும்போது எங்களுக்குத் தொந்தரவு வேண்டாமென்று, கால்வாய்க் கரையில் புதிதாகத் திறந்திருக்கும் ஹோட்டலில் அறை எடுத்திருக்கிறாயாமே. அதை இன்றே ரத்து செய்துவிடு. காரணத்தைச் சொல்ல மூன்று தடவை போன் செய்தேன். உன் குரலைக் கேட்டதும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்த ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு சுவர் முழுக்க, தரையிலிருந்து கூரை வரை, ஒரு படம் ஒட்டியிருக்கிறார்கள். ஊதாவும் ஆரஞ்சுமாகப் பூத்துக் குலுங்குவது போல இருக்கும். 'அந்தியில் துலிப் வயல்' என்று அதற்குப் பெயர். அது பூவும் இல்லை, வயலும் இல்லை. உன் யெல்மரின் ஈரலில் இருந்த கட்டியின் செல்கள். என் அண்ணனின் செல்கள்.

எங்கள் ஆய்வகத்துக்கு இது ஐம்பதாவது ஆண்டு. இயக்குநர் ஹார்மென் ஓர் அலங்காரப் பொருள் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார். நாங்கள் எடுத்த படங்களில் பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்து, சுவர்த்தாள், மெத்தை உறை, குளியலறைத் திரை, சாப்பாட்டுத் தட்டு என்று எல்லாவற்றிலும் அச்சடித்து விற்பதாகத் திட்டம். அதில் எட்டாம் எண் படம் இது.

எங்கள் வேலை உனக்குத் தெரியும். ஒளிரும் சாயத்தைச் செல்லுக்குள் ஏற்றி, இருட்டறையில் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் படம் பிடிப்போம். கேமராவில் விழுவது கறுப்பும் வெள்ளையும்தான். எந்த இடத்துக்கு எந்த நிறம் என்பதைப் பிறகு கணினியில் நாங்கள்தான் முடிவு செய்வோம். அந்த ஊதாவையும் ஆரஞ்சையும் போட்டது நான்.

போன மாதம் அந்த ஹோட்டலில் திறப்பு விழா விருந்து. நான் மேஜைக்கு வந்தபோதே குழித்தட்டுகளில் பட்டாணி சூப்பைப் பரிமாறியிருந்தார்கள். எதிரில் ஹார்மெனின் மனைவி. அவர் குடிக்கக் குடிக்க, கெட்டியான பச்சைக் குழம்புக்கும் தொத்திறைச்சித் துண்டுக்கும் அடியிலிருந்து ஊதா நிறம் எட்டிப் பார்த்தது. மூன்று கரு உள்ள அந்தச் செல்லை எங்கே பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும். ஒழுங்காகப் பிளக்கத் தெரியாமல் வீங்கிப் போன செல். நோயே அதுதான். அந்த அம்மா அதன்மேல் ரொட்டியை வைத்து வழித்து வழித்துத் தின்றார். கடுகு விழுது உதட்டோரத்தில் ஒட்டியிருக்க, "அடடா, தட்டு எவ்வளவு அழகு, கழுவவே மனசு வராது போலிருக்கே" என்றார்.

கழிவறைக்கு ஓடினேன். அங்கே கை துடைக்கும் துணியிலும் அதே படம். யாரோ ஈரக் கையைத் துடைத்து, கசக்கித் தரையில் எறிந்திருந்தார்கள்.

யெல்மரைப் படம் எடுக்க நாம் எவ்வளவு கெஞ்சியிருப்போம்! உங்கள் கல்யாணப் படத்திலேயே பாதி முகத்தை உள்ளங்கை மறைத்திருக்கும். "பஸ் ஓட்டுறவன் மூஞ்சிய எவன் பார்க்கப் போறான்? ரோட்டைப் பாருங்கடா" என்பானே. அவனுடைய உள்ளுறுப்பை நாற்பது பேர் பார்த்துக்கொண்டு ஏப்பம் விட்டார்கள்.

மறுநாள் ஹார்மெனிடம் போய், அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள் என்றேன். அவர் சிரித்தார். "ஏன் ஃபெம்மி? அதுதான் சக்கைப்போடு போடுது. யாரோட செல்லுன்னு யாருக்குத் தெரியும்? பேரு கிடையாது, ஊரு கிடையாது, வெறும் நம்பர். எல்லாரும் கையெழுத்துப் போட்டுத்தானே குடுத்திருக்காங்க. கல்விக்கும் காட்சிக்கும்னு தெளிவா எழுதியிருக்கு" என்றார்.

கையெழுத்து போட்டது உண்மைதான். நீ பயிற்சிக்காகக் குழந்தையோடு பெர்கனுக்குப் போயிருந்த மாதம் அது. சின்னப் பரிசோதனை என்று உன்னிடம் சொல்லிவிட்டு, என்னைத்தான் ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு அழைத்துப் போனான். அவர்கள் நீட்டிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் படித்தான். எனக்கு வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "போடு யெல்மர், இதெல்லாம் சும்மா ஒரு சம்பிரதாயம்" என்று பேனாவைக் கையில் திணித்தவள் நான்.

ரென்ஸ்கே, ஹார்மெனைத் திட்டி இந்தக் கடிதத்தை முடித்துவிட எனக்கு ஆசைதான். ஆனால் இனி எழுதப் போவது என்னைப் பற்றி.

அன்று அவன் ஈரலிலிருந்து கிள்ளி எடுத்த திசு எங்கள் ஆய்வகத்துக்கு வந்தபோது, தேதியையும் நேரத்தையும் வைத்து அது யாருடையது என்று கண்டுபிடித்தேன். சொந்தக்காரர்களுடையதை நாங்கள் தொடக்கூடாது. நான் தொட்டேன். மைக்ரோஸ்கோப்பில் வேறொருவரின் முறையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். திரையில் அது ஒளிர்ந்ததும் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை "எவ்வளவு அழகு!" பக்கத்து அறைக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். அவர்கள் போன பிறகுதான் நான் பார்ப்பது என்னவென்று புத்தியில் உறைத்தது. நான் மருத்துவர் இல்லை. ஆனால் இருபது வருடம் பார்த்த கண்.

அப்புறமும் நான் சும்மா இருக்கவில்லை. நிறம் கூட்டி, ஆய்வகத்தின் வருடாந்திரப் படப் போட்டிக்கு அனுப்பினேன். பரிசாக ஒரு கேக் கொடுத்தார்கள். தின்றேன்.

நான் அதைத் திரையில் பார்த்த வாரத்தின் இறுதியில் யெல்மர் கேட்டான்: "என்னமோ உங்க கண்ணாடியில பார்ப்பீங்களே, ஏதாவது தெரிஞ்சுதா?" நான் இன்னும் பார்க்கவில்லை என்று சொன்னேன். ஆஸ்பத்திரி அறிக்கை வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் அவன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். நீ பெர்கனில் இருந்தாய். நீ திரும்பி வந்த பிறகு உங்களுக்குக் கிடைத்தது நாற்பத்தொரு நாள்.

சென்ற வாரம் இதையெல்லாம் எழுதி ஆய்வகக் குழுவிடம் கொடுத்தேன். நான் விதியை மீறியதால் அந்தப் படத்தை விற்கும் உரிமை அவர்களுக்கு இல்லையென்று முடிவாயிற்று. "ஒரு தட்டுக்காக இருபது வருஷத்தைக் குப்பையில போடுறியே, பைத்தியமா உனக்கு?" என்று ஹார்மென் கத்தினார். கடைகளிலிருந்து சரக்கைத் திரும்ப எடுக்கிறார்கள். என் வேலை போய்விட்டது. அது பற்றி நீ கவலைப்படாதே; வீபேயின் சம்பளம் போதும். ஹோட்டல்காரர் மட்டும் கோடைக்காலம் முடியும்வரை சுவரைத் தொட முடியாது என்கிறார்.

நான் வெளியே சொன்னதால் ஒருவேளை உள்ளூர்ப் பத்திரிகைக்காரர்கள் உன்னைத் தேடி வரலாம். நீ விரும்பாவிட்டால் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். மாரித்துக்கு ஆறு வயதுதான் ஆகிறது. அவளிடம் எதைச் சொல்வது, எப்போது சொல்வது என்பதை நீதான் தீர்மானிக்க வேண்டும்.

இதைப் படித்த பிறகு எங்கள் வீட்டுக்கு வரப் பிடிக்காமல் போனால், வீபேயின் தங்கை வீட்டில் இடம் கேட்டு வைத்திருக்கிறேன். ஆனால் ஒருநாள், ஒரு மணி நேரம், என் எதிரில் வந்து உட்கார். அந்த மூன்று வாரத்தில் அவன் எப்படி இருந்தான், என்ன சாப்பிட்டான், உன்னைப் பற்றி என்ன பேசினான் என்று கேள். எனக்கு ஒவ்வொரு நாளும் நினைவிருக்கிறது. உனக்குச் சேர வேண்டிய நாட்கள் அவை. அத்தனையையும் சொல்லிவிடுகிறேன்.

மாரித்துக்கு என் முத்தம். அவள் நோய்நொடி இல்லாமல், யார் எதைக் கேட்டாலும் உண்மையைச் சொல்கிற பெண்ணாக வளரட்டும்.

உன் பதிலுக்கு, அது வசவாக இருந்தாலும், வாசலைப் பார்த்தபடி,
ஃபெம்மி