பத்தாவது புளியங்கொட்டை

நேற்று ரசத்துக்குப் புளி கரைத்தபோது விரலில் ஒரு கொட்டை நெருடியது. கொட்டையே இருக்காது என்று கடைக்காரர் சத்தியம் செய்து கொடுத்த புளி. அவரைத் திட்ட வாயெடுத்தேன். அதற்குள் நீ நினைவுக்கு வந்துவிட்டாய். கொட்டையைக் கழுவித் துடைத்து வைத்துக்கொண்டேன்.

எழுபதுகளின் கடைசியில் தென்காசியில் நாம் இருவரும் புது டாக்டர்கள். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் நம் அறையில் துணி காயாது. ஈரப் புடவைகளுக்கு நடுவே உட்கார்ந்துதான் நீ அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தாய். நீ நோயாளி, நான் டாக்டர். என் கையில் பத்துப் புளியங்கொட்டை. ஒரு கேள்விக்கு ஒரு கொட்டை, ஒரு பரிசோதனைக்கு மூன்று. கொட்டை தீர்வதற்குள் நோயைச் சொல்லாவிட்டால் நீ செத்துப்போவாய். அதோடு விடவும் மாட்டாய். தோற்றவள் வராந்தாவுக்குப் போய் உறவுக்காரரிடம் சாவைச் சொல்ல வேண்டும். செத்த நீயே எழுந்து வந்து மாமியாராக நிற்பாய்.

ஒருநாள் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்தாய். என்ன சாப்பிட்டாய், எப்போது சாப்பிட்டாய் என்று கேட்டே ஏழு கொட்டையைத் தொலைத்தேன். மிச்சம் மூன்றும் ரத்தப் பரிசோதனைக்குப் போனது. செத்தாய். கட்டுவிரியன் கடி என்றாய்.

"கடிச்ச தடமே இல்லியே?"

"ஏட்டி, தரையில தூங்குறவள அது கடிச்சா தடம் தெரியாது. ராத்திரி எங்கன படுத்தேன்னு ஒரு கொட்டை போட்டுக் கேட்டியா நீ?"

வராந்தாவில் நான், "எங்களால முடிஞ்சத..." என்று இழுத்தேன். "இருக்காளா, செத்துட்டாளா? அதச் சொல்லுங்க டாக்டரம்மா!" என்று மாமியார் அலறினாள். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். சாவிலுமா விளையாட்டு என்று கொட்டைகளை வீசி எறிந்தேன். நீ குனிந்து பொறுக்கினாய். ஒன்பதுதான் கிடைத்தது.

"ஏட்டி, இங்கன தோத்துக்கோ. வார்டுல தோக்காத" என்றாய். அன்றிலிருந்து எனக்கு ஒன்பதுதான். வீசியதற்குத் தண்டனையாம்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. கீழப்பாவூரிலிருந்து காலையில் ஒரு கைக்குழந்தைக்காரியைக் கொண்டுவந்தார்கள். "வயிறு வலிக்குதுன்னு சொல்லுதா டாக்டரம்மா. நேத்து கல்யாண வீட்டுச் சாப்பாடு" என்றார் புருஷன். அஜீரணத்துக்கு எழுதப் பேனாவைத் திறந்தவள், மூடிவிட்டுக் கேட்டேன்.

"ராத்திரி எங்கன படுத்திருந்தே?"

"தரையிலதான்." நாக்கு குழறியது. இமைகள் சரிந்துகொண்டிருந்தன.

விஷமுறிவு மருந்து ஏற்றினோம். அவளுக்கு மூச்சு நின்றுபோனபோது குழாய் போட்டு, காற்றுப் பையை நீயும் நானும் மாறி மாறி அழுத்தினோம். மறுநாள் மத்தியானம் அவள் தானாகவே மூச்சு விட்டாள். கண்ணைத் திறந்ததும் குழந்தையைத் தேடினாள்.

அன்று உனக்கு நன்றி சொன்னேனா? நினைவில்லை. இப்போது சொல்கிறேன்.

போன ஐப்பசியில், உன்னைக் கவனித்த இளம் டாக்டர் வெளியே வந்தார். கையிலிருந்த காகிதங்களைப் பார்த்தபடி, "எங்களால முடிஞ்சத..." என்று இழுத்தார். உன் மகள் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். அவளை உட்கார வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா இறந்துட்டா" என்று நேராகச் சொன்னேன். உன் சட்டப்படி, தோற்றவள்தானே சொல்ல வேண்டும்.

அந்த டாக்டர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. "ஒருநாள் வீட்டுக்கு வாங்க தம்பி" என்றேன். நாளை வருகிறார். டப்பாவில் அன்று நீ பொறுக்கிய ஒன்பதும் இருக்கிறது, நேற்றோடு பத்தாகிவிட்டது. அவருக்குப் பத்தையும் கொடுப்பேன். வயிற்றுவலி என்று சுருண்டு படுக்கப்போகிறேன். அவர் தோற்றால், எழுந்து வந்து மாமியாராகவும் நிற்பேன்.