வண்டியை மாமாவுக்குத் தரவில்லை

அன்பு மகளே,

நானும் அப்பாவும் சுகம், நம் வண்டியும் இப்போது சுகம். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, சிரித்த முகமாக இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். போனில் நீ வண்டியைப் பற்றிக் கேட்டபோது அப்பா பக்கத்திலேயே இருந்தார், அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று மட்டும் சொல்லி முடித்துக்கொண்டேன். முழுக் கதையும் இதோ, சாவகாசமாகப் படி.

கண் டாக்டர் இனி ஓட்டக் கூடாது என்றதும் அப்பா சாவியை என்னிடம் கொடுத்ததும், இந்த வயதில் நான் ஓட்டக் கற்றுக்கொண்டதும் உனக்குத் தெரிந்ததுதான். போன வாரம் அவரை டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போது, மேம்பாலத்தில் ஏறியதும் பானட்டுக்குள்ளிருந்து குபுகுபுவென்று ஆவி. சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. எனக்குக் கை கால் ஓடவில்லை, எப்படியோ ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். நான்தான் எதையோ கெடுத்துவிட்டேன் என்று அப்பா திட்டியிருந்தால் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன், மனிதர் வாயே திறக்கவில்லை. நன்றாக ஆறும்வரை காத்திருந்து, கையில் இருந்த குடிதண்ணீரையெல்லாம் ரேடியேட்டரில் ஊற்றி, ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தோம். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அப்பா உன் மாமாவுக்குப் போன் போட்டு, "ஞாயித்துக்கிழமை வந்து வண்டிய எடுத்துட்டுப் போயிடு, இனி எங்களுக்கு ஒத்துவராது" என்று சொல்லிவிட்டார். என் தம்பிக்குச் சொல்லவா வேண்டும், அவனுக்கு அந்த வண்டி மேல் என்றைக்கும் ஒரு கண்.

அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கண் மங்கியதிலிருந்து வாசலைத் தாண்டாதவர், வண்டி இருப்பதால்தான் டாக்டர் வரைக்குமாவது வருகிறார். அதுவும் போனால் ஜன்னலோர நாற்காலியே கதி என்று ஆகிவிடுவாரே என்று இருந்தது. காலையில் அவருடைய பழைய சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு போய் பானட்டைத் திறந்தேன். ரேடியேட்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகிற தடித்த ரப்பர் ஹோஸைச் சுற்றி ஒரே பச்சைக் கறை, ஆனால் எங்கே ஒழுகுகிறது என்று தெரியவில்லை. டார்ச்சை அடித்துக்கொண்டு நான் முணுமுணுத்தது உள்ளே கேட்டதோ என்னவோ, அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து "கொஞ்சம் நகரு" என்றார். ஹோஸை ஒரு முனையிலிருந்து விரலால் தடவிக்கொண்டே வந்து, முனையை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் வளையத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி லேசாக மடக்கினார். மயிரிழை போல ஒரு வெடிப்பு வாயைத் திறந்தது. "நீ ஓட்டுனதால இல்ல, ரப்பருக்கு வயசாயிடுச்சு" என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

துணி துவைக்கிற பேசினை அடியில் வைத்து ரேடியேட்டரை வடித்தோம். ஹோஸ் கழல மாட்டேன் என்று அடம்பிடித்தது. முறுக்கி இழு, முறுக்கி இழு என்று அப்பா சொல்ல, நான் இழுக்க, திடீரென்று அது கையோடு வந்து நான் தொப்பென்று தரையில் உட்கார்ந்தேன். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று தெரியுமா. பழையதைப் பையில் போட்டுக்கொண்டு உதிரிபாகக் கடைக்கு நடந்தே போனேன். "மெக்கானிக் யாரும்மா?" என்றார் கடைக்காரர். நான்தான் என்றேன். ஒரு கணம் என் சட்டையைப் பார்த்துவிட்டு, "அப்போ கிளாம்ப்பும் புதுசா போட்டுடுங்க" என்று எடுத்து வைத்தார். வீட்டுக்கு வந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு புது ஹோஸை மாட்டிவிட்டுப் பெருமையாக நிமிர்ந்தால், கிளாம்ப்பை முதலில் கோத்தாயா என்று அப்பா கேட்கிறார். கிளாம்ப் என் சட்டைப் பையில் இருந்தது. மறுபடியும் கழற்றினேன், வேறென்ன செய்ய. பிறகு இன்ஜினைக் குளிர வைக்கிற அந்தப் பச்சைக் கூலன்டை ஊற்றி, ரேடியேட்டர் மூடியைத் திறந்தே வைத்து இன்ஜினை ஓடவிட்டு, காற்றுக் குமிழி அடங்க அடங்க இன்னும் ஊற்றினோம். மூடிய பிறகு அடியில் காகிதம் விரித்துப் பார்த்தேன், ஒரு சொட்டு ஈரமில்லை.

கை கழுவும்போது, இன்னமும் தம்பிக்குக் கொடுக்கத்தான் வேண்டுமா என்று கேட்டேன். சோப்பை உருட்டிக்கொண்டே இருந்தவர், "பாலத்து மேல நீ பயந்துபோய் உக்காந்திருந்த, என்னால எறங்கி ஒண்ணும் பண்ண முடியல. அதான் ஆத்தாம சொல்லிட்டேன்" என்றார். அவர் பக்கம் அப்படி ஒரு வலி இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாமா புது சீட் கவரோடு வந்து இறங்கினான். வண்டி தருவதாக இல்லை என்று அப்பா சொன்னதும் முகம் தொங்கிப்போய்விட்டது, ஆனாலும் சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. அதே வண்டியில்தான் அவனை பஸ் ஏற்றிவிட்டு வந்தோம், சீட் கவரையும் பிடுங்கி வைத்துக்கொண்டேன். திரும்பும்போது நம் தெரு முனைக்கு வந்து விளக்குப் போட்டுத் திரும்பப் போனேன். அப்பா என் கையைத் தொட்டு, "வீட்டுக்கு என்ன அவசரம், ஆத்தங்கரை வரைக்கும் நேரா ஓட்டேன்" என்றார்.

உன் வண்டியிலும் ஹோஸை ஒரு தரம் அழுத்திப் பார். இன்ஜின் சூடாக இருக்கும்போது மட்டும் அந்த ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதே, மாப்பிள்ளையிடமும் அழுத்திச் சொல். இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

என்றும் உன் நினைப்பில்,
அம்மா