ஐந்தா, ஆறா?

மார்ச் 4

காலையிலிருந்து மகளும் மாப்பிள்ளையும் பேசிக்கொள்ளவில்லை. சண்டை ஒரு மாங்கனீசு அணுவைப் பற்றி. அதைச் சுற்றி ஆக்சிஜன் அணுக்கள் ஐந்தா, ஆறா? வழக்கமாக ஆறு. ஒன்று குறைகிறது என்பதுதான் மாப்பிள்ளையின் கண்டுபிடிப்பு. திங்கட்கிழமை வேலை நேர்காணலில் அதைத்தான் பேசப்போகிறார். இருவருக்கும் ஒரே ஆய்வகம், ஒரே எக்ஸ்-கதிர் அளவுகள். கணக்கைப் பொருத்தும் வழிதான் வேறு.

மார்ச் 5

மாப்பிள்ளை மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். "நீங்களே பாருங்க அத்தை. புள்ளி மேல கோடு எப்படி உக்காந்திருக்கு!" அழகாகத்தான் உட்கார்ந்திருந்தது. சொல்லிவிட்டேன்.

"கணக்குல இருக்கிற எல்லாத் திருகையும் இஷ்டத்துக்கு அவுத்து விட்டா கோடு எங்க வேணா உக்காரும்மா." மகள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

மார்ச் 6

அவள் விளக்கியதை என் வழியில் எழுதிப் பார்க்கிறேன். மூடிய வகுப்பறைக்கு வெளியே நிற்கிறேன், உள்ளே கைதட்டல். ஐந்து பேர் ஒன்றாகத் தட்டினாலும், ஆறு பேர் கொஞ்சம் முன்பின்னாகத் தட்டினாலும், எனக்குக் கேட்கும் சத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். அணுக்களின் நடுக்கமும் அப்படித்தான் ஏமாற்றுகிறது. குளிரவைத்தால் நடுக்கம் குறையும், தலைக்கணக்கு மாறாது. அதனால் சூட்டில் எடுத்ததையும் குளிரில் எடுத்ததையும் சேர்த்து, இரண்டுக்கும் ஒரே எண்ணிக்கை என்று கட்டிப்போட்டுப் பொருத்த வேண்டும் என்கிறாள்.

குளிரில் எடுத்ததை மாப்பிள்ளை ஒதுக்கிவிட்டார். இரைச்சல் அதிகமாம், புள்ளிகள் சிதறிக் கிடக்கின்றனவாம்.

இரைச்சலா — பயமா?

மார்ச் 7

சாப்பாட்டு மேசையில்:

"ஒரு தடவை சேத்துப் போட்டுப் பாருங்களேன்."

"ஆறுன்னு வந்தா? திங்கக்கிழமை அங்க என்னத்தைக் காட்ட? உன் மூஞ்சியையா?"

"காட்டுங்க. அதுல ஒண்ணும் குறையல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்கள் சிரிக்கவில்லை. வேலை கிடைக்காமல் போனால் பழி இவள்மேல்தானே விழும் — காலத்துக்கும்? விட்டுடுடி என்று சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

மாப்பிள்ளை குளிர் அளவுகளைச் சேர்த்துவிட்டார். இன்று யாரும் கேட்கவில்லை, அவராகவே. ஐந்தே முக்கால், கூடக்குறையக் கால். ஆறாக இருக்கலாம், ஐந்து ஆகாது.

"இவ கேக்கலைன்னாலும் எவனாவது ஒருநாள் கேப்பான் அத்தை," என்றார்.

மார்ச் 9

புதிய கணக்கோடு நேர்காணலுக்குப் போயிருக்கிறார். மகள் ஃபோனைக் கீழே வைக்கவேயில்லை.

மார்ச் 20

வேலை வேறொருவருக்கு.

"என்னாலதானேம்மா?" என்று அழுதாள். மாப்பிள்ளை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஆமா, உன்னாலதான். அடுத்த இடத்துக்கும் நீயே பொருத்திக் குடு."

ஏப்ரல் 2

இருவரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதுகிறார்கள். யார் பெயர் முதலில் என்று இப்போது சண்டை. என்னைக் கேட்டார்கள்.

பால் பொங்குகிறது என்று எழுந்து வந்துவிட்டேன்.