குற்றால அருவியில் நடந்த உபகாரம்

தென்காசி
தாது வருஷம் ஆனி 22

சிரஞ்சீவி மந்திரமூர்த்திக்கு உன் அப்பா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் தங்கை வடிவும் சுகம், உன் தம்பி குத்தாலிங்கத்தால் ஊரார் சுகமாக இருக்கிறார்களா என்பதைத்தான் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ரங்கூனில் உன் வயிற்று உபாதை தணிந்ததா, கண்ட கடையில் சாப்பிடாதே.

பள்ளிக்கூடத்தில் சாரணர் படை என்று ஒன்றில் உங்கள் இருவரையும் சேர்த்துவிட்டேனே, காக்கி நிக்கர் தொடையை அறுக்கிறது என்று நீ இரண்டாம் வாரமே ஓடிவந்துவிட்டாய், அவன் இருந்துவிட்டான். காலையில் கழுத்துத் துணியில் ஒரு முடிச்சுப் போட வேண்டும், யாருக்காவது ஓர் உபகாரம் செய்த பிறகுதான் அவிழ்க்க வேண்டும் என்று அங்கே பழக்கினார்கள். மற்ற பிள்ளைகள் மீசை முளைத்ததும் மறந்துபோனார்கள். இவனுக்கு இருபத்துநாலு வயதாகிறது, தோள் துண்டில் இன்னும் முடிச்சு. பொழுது சாய்ந்தும் அவிழவில்லை என்றால் தெருவே கதவைச் சாத்திக்கொள்கிறது, வேண்டாம் வேண்டாம் என்று கத்தினாலும் பெண்கள் இடுப்பிலிருந்து குடத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, யார் வீட்டிலாவது இறக்கிவிட்டு வருகிறான்.

போன வெள்ளிக்கிழமை வடிவைத் தம் மகனுக்குப் பெண் பார்க்கப் பண்பொழியிலிருந்து சொரிமுத்து அண்ணாச்சி வருவதாக ஏற்பாடு. இரண்டு வரன் தட்டிப்போன பிறகு வந்த இடம், உன் அம்மா வேண்டாத சாமியில்லை. சாரல் நன்றாக இருக்கிறதே என்று அவர் சொந்தக்காரர்களோடு முதலில் குற்றாலத்தில் இறங்கி, எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் கண்ணை மூடி நின்றிருக்கிறார். நம்மவனும் முடிச்சோடு அங்கே போயிருக்கிறான். மனிதர் சுகத்தில் லேசாக ஆடியதைப் பார்த்து மூச்சு முட்டுகிறது என்று முடிவு செய்து, பாய்ந்து இழுத்து, வழுக்க வழுக்கப் பாறையில் குப்புறப் போட்டு, முதுகில் ஏறி உட்கார்ந்து தண்ணீரை வெளியே அமுக்கினானாம். அவர் அலற அலற, உயிர் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு இன்னும் பலமாக அமுக்கியிருக்கிறான்.

சாயங்காலம் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நம் வீட்டுக்குள் நுழைந்தால் காப்பித் தட்டோடு எதிரே வந்தவன் இவன். நடந்ததை அவர் வாயால்தான் கேட்டேன். வடிவின் முகம் செத்துப்போயிற்று. அண்ணாச்சி அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எங்கூட வந்தவனுவ அத்தனை பேரும் நின்னு சிரிச்சானுவ, நெசமாவே மூச்சு நின்னுருந்தாலும் அப்படித்தான் நின்னுருப்பானுவ, ஓடிவந்தது ஒம்ம மவன் ஒருத்தன்தான், இவன் தங்கச்சி எங்க வீட்டுக்கு வரட்டும் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்ல என்ன வெட்கம்.

ஆவணியில் முகூர்த்தம். மூத்தவன் வருவாம்லா என்று கேட்டார், வராமல் இருப்பானா, அடுத்த கப்பலிலேயே வருகிறான் என்று சொல்லிவைத்தேன். ஆறு வருஷமாக யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன். பொய் பேசுவதில்லை, பொய்க்குத் துணை போவதுமில்லை என்று சாரணர் படையில் மூன்று விரலைத் தூக்கிப் பிரமாணம் செய்த குத்தாலிங்கம் பக்கத்திலேயே நின்றான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தவன் என் முகத்தைப் பார்த்தான், மூடிக்கொண்டான். இத்தனை வருஷத்தில் அவன் அந்தப் பிரமாணத்தை மீறி நான் பார்த்தது அன்றைக்குத்தான், அதுவும் உன்னால்.

நோய்நொடியில்லாமல் நெடுநாள் இரு. துரையிடம் லீவுக்கு இன்றைக்கே எழுதிக் கொடு, தள்ளிப்போடாதே.

நீ வருவதாகச் சொல்லிவிட்டு நிற்கும்
அப்பா நல்லக்கண்ணு