குதிரைக்கு இனிஷியல் போட்ட கந்தோர்

ஜூலை 2, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். அம்பிட்டிய இறக்கத்தில் பஸ் ஊர்ந்தது. வெளிநாட்டுக் கம்பனிகளுக்கு டைப் அடித்துக் கொடுக்கும் எங்கள் பல்லேகல கந்தோருக்குள் நுழையும்போது சேலைக் கரை முழங்கால் வரை ஈரம்.

முதலாளி நிஸாம் சேர் பிளேன்டீ குடிக்கக்கூட விடவில்லை. புது வேலை. இங்கிலாந்தில் ஒரு குதிரைச் சங்கம். அந்த ஊர் மலைகளில் மேயும் ஒரு குட்டைக் குதிரை இனத்துக்கென்றே சங்கம். குட்டி பிறந்தால் பதிவு, விற்றால் பெயர் மாற்றம், செத்தால் பெயரை அடித்துவிடுதல், அங்கத்தவர் சந்தா, போன், கடிதம் எல்லாம் இதுவரை செயலாளர் மார்கரெட்டின் வீட்டு மேசையில் நடந்ததாம். இனி அவருக்கு முடியாது. வெளியே கொடுக்கப் போகிறார்கள். வெள்ளோட்டம் இரண்டு இடத்துக்கு. ஒரு கொழும்புக் கம்பனி, நாங்கள்.

கிடைத்தால் கந்தோர் இருக்கும். கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் பூட்டு. கொழும்பில் சேரின் தம்பியிடம் வேலை இருக்கிறதாம், "வரக்கூடியவங்க வரலாம்" என்றார். நான் வரக்கூடியவள் இல்லை. மகளுக்கு அடுத்த வருடம் ஓ/எல் பரீட்சை. மாமனாரைத் தனியே விட முடியாது. கண்டியை விட்டுப் போகவும் மனமில்லை, அதையும் எழுதிவைக்கிறேன்.

வீட்டில் இவர் சிரித்தார். "குதிரைக்கு அடையாள அட்டையா? இந்த மண்ணுலயே பொறந்த எங்க அப்பா பிரஜாவுரிமைக் காகிதத்துக்கு அலைஞ்ச அலைச்சல் தெரியுமில்ல?" நானும் சிரித்தேன். கொஞ்சம்தான்.

ஜூலை 4, வியாழன்

மழை இல்லை. வெள்ளோட்டத்துக்காக டைப் அடிக்க வேண்டிய பழைய பதிவுகளின் படங்கள் வந்து குவிந்துவிட்டன. எல்லாம் கையெழுத்து, சிலதில் தேத்தண்ணீர்க் கறை. ஆங்கிலேயர்களும் நம்மைப் போலத்தான்.

பழக வேண்டியவை: பொலிகுதிரை, பெட்டை, குட்டி. நெற்றிச் சுட்டி. கால் வெள்ளை எந்தக் காலில். சுழி எங்கே (அவர்களும் சுழி பார்க்கிறார்கள்! ராசிக்கு இல்லையாம், அடையாளத்துக்கு).

குதிரையைத் தொட்டவர் யார் என்று கேட்டேன். கை தூக்கியது தர்ஷினி மட்டும். கலகெதரவிலிருந்து வருகிறவள், எனக்குக் கீழே வேலை செய்யும் பிள்ளைகளில் வேகமானவள். "நுவரெலியாவுல போட்டோவுக்கு ஏறினேங்க்கா. எறங்கறப்ப அழுதுட்டேன்." யானை என்றால் இந்தக் கந்தோரில் ஆளுக்கொரு கதை இருக்கும். பெரஹராவுக்கு யானை ஊர்வலம் போகும் ஊர்.

மகளுக்குப் புது சப்பாத்து, பழையது காலைக் கடிக்கிறதாம். மறக்கக் கூடாது.

ஜூலை 5, வெள்ளி

முடித்து அனுப்பிவிட்டோம்! கொழும்புக்காரர்களுக்கு முன்பே. கடைசியாக எல்லாவற்றையும் நானே ஒரு தரம் பார்த்தேன். சுத்தம். எனக்கு நானே சூடாக ஒரு பட்டீஸ் வாங்கிக் கொடுத்தேன்.

ஜூலை 8, திங்கள்

நாசம்.

சேர் என்னை அறைக்குக் கூப்பிட்டு ஸ்கிரீனைத் திருப்பினார். "என்னத்த புள்ள செஞ்சி வெச்சீக்கிறீங்க?" பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. டி. ஹனி. பி. ஹனி. எஸ். டெய்சி. எல்லாக் குதிரைக்கும் இனிஷியல்.

தர்ஷினியைக் கூப்பிட்டேன். அவளுக்கு இன்னும் விளங்கவில்லை. "ஏழு ஹனி இருந்துச்சுக்கா. எது யாருன்னு எப்புடித் தெரியும்? அதான் அந்தந்தக் குதிரையோட அப்பா பேரப் பாத்து மொத எழுத்தப் போட்டேன். எங்க வகுப்புல மூணு தர்ஷினி, டீச்சர் அப்படித்தானே கூப்புடுவாங்க?" மற்றப் பிள்ளைகளும் அவளைப் பார்த்து அப்படியே போட்டிருக்கிறார்கள். யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. சரிபார்த்த எனக்கே படவில்லையே. ப. ரேவதியாகவே இத்தனை வயது வாழ்ந்தவள், கண் எங்கே நிற்கும்?

சேர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அல்லாவே. குதிரைக்கு இனிஷியல் போட்ட மொத ஊரு கண்டியாத்தான் ஈக்கும்."

மார்கரெட் நாளை வீடியோவில் பேச வேண்டுமாம். காரணம் சொல்லவில்லை. சேரின் யோசனை: கம்ப்யூட்டர் பிழை என்று சொல்லிவிடுவோம், தர்ஷினி நாளைக்கு லீவில் நிற்கட்டும். முடியாது என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல, வெளியே டைப் அடிக்கும் சத்தம் நின்றது. தோற்பதானால் உண்மையைச் சொல்லித் தோற்போம். பிள்ளையை ஒளித்துவைத்து எனக்கு ஒரு வேலை தேவையில்லை.

பஸ்ஸில் அழுகை வந்தது. அதை வெளியே விடவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

இன்று நடந்ததை ஒன்றுவிடாமல் ஒழுங்காக எழுத வேண்டும்.

பின்னேரம் மார்கரெட் திரையில் வந்தார். வெள்ளைத் தலை, கம்பளிச் சட்டை, பின்னால் ஒரு நாய். சுற்றிவளைக்கவில்லை. "பெயர்களுக்கு முன்னால் அந்த எழுத்தைப் போட்டது யார்?"

நான் வாயைத் திறக்குமுன் தர்ஷினி எழுந்து நின்றுவிட்டாள், பள்ளிக்கூடத்தில் போல. நான் அவளை உட்கார வைத்துவிட்டுச் சொன்னேன். எங்களில் பெயருக்கு முன்னால் அப்பாவின் எழுத்து வரும், எனக்கு முன்னால் இருப்பது பழனியாண்டி. பழக்கத்தில் குதிரைக்கும் போட்டுவிட்டோம், சரிபார்த்தவள் நான், பிழை என்னுடையது.

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். அவர்கள் மலையில் ஒரு கிழவர் இருக்கிறாராம். அவருடைய ஹனி செத்துவிட்டது என்று பதிவில் இருக்கிறது. அதனால் அதன் குட்டிகளையும் பதிய மாட்டோம் என்றிருக்கிறார்கள். அவர் வருடக்கணக்காக எழுதுகிறார், குதிரை என் முன்னால் நின்று புல் தின்கிறது என்று. சங்கத்தில் அவரைச் சண்டைக்காரர் என்று ஒதுக்கிவிட்டார்களாம். நேற்று எங்கள் வேலையைத் திறந்ததும் டி. ஹனியும் பி. ஹனியும் அடுத்தடுத்து நின்றிருக்கின்றன. செத்தது டி. கிழவருடையது பி. அப்பன் வேறு, குதிரை வேறு. ஒரு ஹனியின் சாவை இன்னொரு ஹனிக்கு எழுதிவிட்டார்கள், இவ்வளவு காலமும் பிழை சங்கத்துடையது.

உயிரோடு நிற்கிறவரைப் பார்த்து, காகிதத்தில் நீ இல்லை என்று சொன்னால் எப்படி இருக்கும்? எங்கள் ஆட்களிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

கொழும்புக்காரர்கள் என்ன செய்தார்களாம் தெரியுமா? ஒரே பெயர் திரும்ப வருகிறதென்று ஏழு ஹனியையும் ஒரு ஹனியாக்கிவிட்டார்கள்! எவ்வளவு சுத்தம்! இதை எழுதும்போது வாய் காதுவரை போகிறது. போகட்டும்.

மார்கரெட்: "பெயருக்கு முன்னால் வேண்டாம். பக்கத்தில் தனியாக ஒரு கட்டம் போடுங்கள். சங்கத்தின் பதிவு முழுவதும், அங்கத்தவர் வேலையும், இனி உங்களிடம்."

சேர் "அல்ஹம்துலில்லாஹ்" என்று கதிரையில் சாய்ந்தார், கதிரை சக்கரத்தோடு பின்னால் போய் அலுமாரியில் முட்டியது. பிள்ளைகள் கத்திய கத்தலில் கீழே டயர் கடைக்காரர் மேலே ஓடி வந்துவிட்டார். தர்ஷினி மட்டும் அழுதாள். அவள் சந்தோஷத்துக்கும் அழுவாள், குதிரைக்கும் அழுவாள்.

நான் ஜெயித்தேன். நாங்கள் ஜெயித்தோம். இரண்டுமே இருக்கட்டும்.

ஜூலை 10, புதன்

இனிப்புக்கு சேர் வீட்டு வட்டிலப்பம், கந்தோருக்கே. மகள் கேட்டாள்: "அப்ப கொழும்பு இல்லையாம்மா?" இல்லை என்றேன். நேரே போய்ப் படிக்க உட்கார்ந்தாள். அவளும் பயந்துகொண்டிருந்திருக்கிறாள், எனக்குச் சொல்லவில்லை.

சப்பாத்து வாங்கியாயிற்று. ஒரு சைஸ் பெரிதாக.

ஆகஸ்ட் 1, வியாழன்

நல்ல வெயில். இன்றிலிருந்து சங்கத்தின் போன் கண்டியில் அடிக்கிறது. பெயர்ப்பலகைக்குப் புதுப் பெயின்ட், இன்னும் காயவில்லை, சேரின் கையில் பாதி.

முதல் போனே அந்தக் கிழவர். தர்ஷினி எடுத்தாள். அங்கத்தவர் இலக்கம் கேட்டாள், சொன்னார். என்ன உதவி வேண்டும் என்றாள். உதவி ஒன்றும் வேண்டாமாம், கொஞ்சம் லைனில் நிற்கட்டுமாம். காற்றுச் சத்தம், கேட் திறக்கும் சத்தம். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். எல்லோரும் எழுந்து அவள் மேசையைச் சுற்றி நின்றோம்.

கனைத்தது.

எங்கள் கந்தோருக்குள், பி. ஹனி, சத்தமாக, இரண்டு தரம். தர்ஷினி வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அக்கா, என்ன பதில் சொல்றது?"

"கதைச்சுக்கிட்டு இரு" என்றேன். மற்ற போன் அடிக்கிறது, நான் எடுக்க வேண்டும்.