நான்காம் கேள்விக்குப் பதில்

பழைய டிஸ்பென்சரி வீடு,
பலாங்கொடை.
14.07.2025

மகள் நுஸ்காவுக்கு,

முதலில் ஒன்றைத் திருத்திவிட வேண்டும். நான் உன்னை நோன்பு பிடிக்க விடவில்லை என்றும், அதனால்தான் நீ என் வீட்டு அறையை விட்டு ஹொஸ்டலுக்குப் போனாய் என்றும் கெம்பஸ் பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்களாம். கடைக்கார நுஹ்மான் நாலு பேருக்கு முன்னால் என்னிடமே கேட்டுவிட்டார்: "என்ன மிஸிஸ் ஜோன், அந்தப் புள்ளய நோன்பு புடிக்க உடல்லயாமே?" எழுபத்தாறு வயதில் பாண் வாங்கப் போன இடத்தில் இதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று.

உண்மை இதுதான். ஏப்ரல் தொடங்கி ஜூன் முடியும்வரை, நீ நோன்பு என்று சொன்ன ஒவ்வொரு நாளும் விடியுமுன் எழும்பி உனக்கு ஸஹர் சாப்பாடு வைத்தவள் நான். சோறு, பருப்பு, அவித்த முட்டை, பிளாஸ்கில் தேநீர். கன்னியாஸ்திரிகளிடம் படித்தவளுக்குப் பிறருடைய நோன்பை மதிக்க யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

நான் கேட்டது ஒரே கேள்வி. றமழானில் விட்ட நோன்பைத் திருப்பிப் பிடிக்கிறேன் என்றாயே, விட்டது எத்தனை? ஆறோ ஏழோ இருக்கும். என் கலண்டரில் ஐம்பத்துநான்கு நாட்களுக்குக் கோடு விழுந்திருக்கிறது. ஜூன் இருபதாம் திகதி கொய்யா மரத்தடியில் ஜிம்மி அவித்த முட்டை தின்றுகொண்டிருந்தது. இந்த வீட்டில் நாய்க்கு முட்டை போடும் வழக்கம் இல்லை.

நீ கெம்பஸ் சுகவாழ்வுச் சங்கத்தின் செயலாளர். 'காலை உணவைத் தவிர்க்காதீர்கள்' என்று மூன்று மொழியில் அச்சடித்து என் பிரிட்ஜிலும் ஒட்டியவள். அதே சங்கத்தின் நடைபவனியில் நேற்று நீ மயங்கி விழுந்தாய் என்று இந்த வீட்டில் உன் பக்கத்து அறையில் இருந்த ரோஷானி வந்து சொல்கிறாள். ஆகவே மறுபடியும் கேட்கிறேன். விளக்கம் வேண்டும்.

மெட்டில்டா ஜோன் (திருமதி)

*

பெண்கள் ஹொஸ்டல்,
19.07.2025

மதிப்புக்குரிய மெட்டில்டா அன்டிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வட்ஸ்அப் என்றால் அன்றே பதில் சொல்லியிருப்பேன். நீங்கள் அதைத் தொடமாட்டீர்கள். நான் யாரிடமும் உங்களைக் குறை சொல்லவில்லை, அன்டி. ஏன் போனாய் என்று கேட்டவர்களிடம் "நோன்புக்கு ஹொஸ்டல் லேசு" என்றேன். மிச்சத்தை அவர்களே சேர்த்துக்கொண்டார்கள்.

விட்டது ஏழு, றமழானுக்கு அடுத்த ஷவ்வால் மாதத்தில் ஆறு, பிறகு திங்களும் வியாழனும் கட்டாயமில்லாத சுன்னத்தான நோன்பு. முட்டை கைதவறி விழுந்தது. நடைபவனியில் நல்ல வெயில், நோன்பும்கூட. இந்தக் கிழமை சங்கத்தில் எல்லோருக்கும் நிறை பார்த்தோம். எனக்கு ஐம்பது கிலோ, சரியான அளவு. மாவனல்லைக்கு, உம்மாவுக்கு மட்டும் போன் பண்ண வேண்டாம்.

ஒன்று சொல்லலாமா? போன வருஷம் நான் பெட்டியோடு வந்த முதல் நாள், உங்கள் ஹோலில் உட்காரப் போனேன். "பாத்து உட்காரு மகள், அது மெலிஞ்சவங்களுக்குச் செஞ்ச கதிரை" என்றீர்கள். ரோஷானியும் அவளுடைய அம்மாவும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உங்களுக்கு ஞாபகம் இருக்காது.

இப்படிக்கு,
நுஸ்கா

*

பழைய டிஸ்பென்சரி வீடு,
பலாங்கொடை.
25.07.2025

மகள் நுஸ்காவுக்கு,

ஞாபகம் இருக்கிறது. அந்தக் கதிரையில் உன்னைவிடப் பாரமானவர்கள் எத்தனையோ பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அது உடைந்ததில்லை. நாலு பேரைச் சிரிக்க வைக்கச் சொன்னேன். தவறு என்னுடையது. மன்னித்துக்கொள்.

ஆனால் என் தவறைக் காட்டி உன்னுடையதை மறைக்க விடமாட்டேன். நீ சொன்னபடி கூட்டிப் பார்த்தேன், முப்பத்தொன்பதுக்கு மேல் வரவில்லை. மீதிப் பதினைந்து நாளும் என்ன நோன்பு? நடைபவனி நடந்தது ஞாயிற்றுக்கிழமை. ஏப்ரலில் வயிற்று நோவுக்கு வெந்நீர்ப் பை கேட்டாய், மேயிலும் ஜூனிலும் கேட்கவில்லை. ரோஷானி அதை வேறு விதமாக நினைத்து என் காதில் ஓதினாள். "வாய மூடு" என்றேன். என் கணவர் தோட்டத்து டிஸ்பென்சரியை நடத்திய முப்பது வருடமும் பக்கத்தில் நின்றவள் நான். பட்டினி கிடக்கும் உடம்பில் மாதவிலக்கு நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன்.

நடையில் நிற்கும் அவருடைய நிறைத் தராசில் காலையில் மூன்று தடவை ஏறுவாய். இரும்புக் குண்டை நகர்த்தும் சத்தம் என் அறைக்குக் கேட்கும். இறங்கியதும் குண்டைப் பூச்சியத்துக்குத் தள்ளிவிட வேண்டும் என்பது அவருடைய சட்டம். நீயும் ஒருநாள் தவறாமல் தள்ளினாய். போகும் அன்று மட்டும், திரீவீல்காரன் ஹோர்ன் அடித்த அவசரத்தில் மறந்துவிட்டாய். உனக்குப் பிறகு யாரையும் அதில் ஏற நான் விடவில்லை. குண்டு நாற்பத்தொன்றில் நிற்கிறது. மூன்று கிழமையில் ஒன்பது கிலோ ஏறாது, மகள்.

உன் உம்மாவுக்கு இன்னும் போன் செய்யவில்லை. ஓகஸ்ட் ஐந்தாம் திகதிவரை செய்யமாட்டேன். அதற்குள் நீ டொக்டரிடம் போக வேண்டும். அவரிடம் நோன்புக் கதை சொல்லாதே.

உன் மேசை லாச்சியில் சங்கத்தின் கேள்விப் படிவங்கள் சில கிடந்தன. முதலாவது உன் கையெழுத்தில். நான்காம் கேள்வி: வாரத்தில் எத்தனை நாட்கள் காலை உணவு உண்கிறீர்கள்? 'ஏழு' என்று எழுதியிருக்கிறாய். அதை யாரிடமும் காட்டவில்லை. இத்துடன் வெற்றுப் படிவம் ஒன்றும், முத்திரை ஒட்டி என் விலாசம் எழுதிய உறை ஒன்றும் வைத்திருக்கிறேன். உன் அறையை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. கூரை ஒழுகுகிறது, அதனால்தான்.

நான்காம் கேள்விக்கு உண்மையான எண்ணையும், அதன் கீழே டொக்டர் பார்த்த நிறையையும் பேனையால் எழுதித் தபாலில் போடு. போனில் சொல்ல வேண்டாம். எழுத்தில் பதில் வேண்டும்.

மெட்டில்டா ஜோன் (திருமதி)